அரிதாரம்: அழகும் நஞ்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கழிநீர் கடலோடு கலக்கும் இடத்திலே தொண்டைமானாறு என்னும் ஊர் இருக்கின்றது. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழப் படைத்தலைவன், கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும்பொருட்டு இந்த நீர்வழியை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று. ஆற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டான். உப்பு ஏற்றிய அந்தக் கரையை அடுத்த வல்வெட்டித்துறையிலே பிற்காலத்திற் பெரிய பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

இத்தகைய கரையிலே வாழ்ந்தவர்களுக்குப் பிறநாட்டுப் பண்டம் புதியதன்று. அரிசியும் தேக்கும் ஓடும் துணியும் கடல்வழியே வந்தன. அவற்றோடு, எடையிற் சிறியனவும் விலையிற் பெரியனவுமாகிய வேறு சில பொருள்களும் வந்தன. அவை உடம்பை அலங்கரிக்கும் பொருள்கள்: சந்தனம், குங்குமம், கண்மை, வண்ணத்தூள்கள். உப்பு நல்லதா கெட்டதா என்று அறிய நாக்கு ஒன்றே போதும். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். ஆனால் முகத்திற் பூசும் ஒரு மஞ்சள் தூள் எதனால் ஆனது என்பதைக் கண்ணும் சொல்லாது, கையும் சொல்லாது, மூக்கும் சொல்லாது. இந்த அறியாமையைப் பற்றியும், அதற்கு மனிதர் செலுத்திய விலையைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

தமிழிலே ஒரு சொல் இந்த வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. அச்சொல் அரிதாரம் என்பது. "அரிதாரம் பூசியவர்" என்றால் நடிகர் என்று பொருள் கொள்கின்றோம். "அரிதாரம் கலைந்தது" என்றால் வேடம் கலைந்தது என்று விளங்கிக் கொள்கின்றோம். ஆயினும், அரிதாரம் என்பது முதலிலே ஒப்பனைக்குப் பெயரன்று. அது மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு மஞ்சட் கனிப்பொருளின் பெயர். வடமொழியிலே அரிதாலம் என்றும், சித்த வைத்திய நூல்களிலே தாளகம் என்றும் அதனை வழங்குவர். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்து ஆன பொருள் அது. ஆசனிக்கு என்பது எலியைக் கொல்வதற்கு வைக்கப்பட்ட பாஷாணத்தின் உயிர்நாடியான மூலகம். பொன்போல ஒளிரும் அந்த மஞ்சளை அரைத்து, எண்ணெயிற் குழைத்து, அரசனாகவும் தேவனாகவும் வேடம் புனைவோர் முகத்திற் பூசிக்கொண்டனர். காலம் செல்லச் செல்லப் பொருளின் பெயரே தொழிலின் பெயராயிற்று.

இது தமிழ்நாட்டுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. கேரளத்துக் கதகளியிலே இதே மஞ்சட் கல்லை மனயோலை என்று சொல்லுவர். சிவப்பு வண்ணத்துக்குச் சாயில்யம் என்பதைப் பயன்படுத்துவர். சாயில்யம் என்பது நமது சாதிலிங்கமே. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடிய பொருள். ஆகவே, அரங்கிலே நாம் கண்டு வியந்த மஞ்சளும் சிவப்பும் ஒன்று ஆசனிக்கின் நிறமாகவும் மற்றொன்று பாதரசத்தின் நிறமாகவும் இருந்திருக்கின்றன.

இவை பூசியவுடன் ஒருவரை வீழ்த்துவன அல்ல. அரிதாரமும் சாதிலிங்கமும் நீரிற் கரைவது மிக அரிது. புண்ணில்லாத தோலினூடே அவை உட்புகுவதும் சிறிதளவே. ஆனால் தூளை அரைப்பவர் அதனைச் சுவாசிக்கின்றார். பூசியவர் உதட்டின் வழியே சிறிது சிறிதாக விழுங்குகின்றார். அன்றியும் அரிதாரம் நெடுங்காலம் ஒளியிலே கிடந்தால், அதிலிருந்து நீரிற் கரையும் வெள்ளைப் பாஷாணம் சிறிதளவு தோன்றும். பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் அரும்பொருட்சாலையினர் இதனை நன்கு அறிவர். ஆசனிக்கு பல ஆண்டுகள் உடம்பிற் சேருமானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போகும். மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகள் உடம்பிலே தோன்றும். விரல்கள் மரத்துப்போகும். ஈற்றிலே தோலிற் புற்றுநோயும் உண்டாகலாம்.

காத்தவராயன் கூத்தும் அரிச்சந்திர மயான காண்டமும் விடிய விடிய ஆடப்பட்ட வடமராட்சிப் பகுதியிலே இதனை எண்ணிப் பார்த்தல் பொருத்தமானது. ஓர் இரவுக் கூத்திலே முகப்பூச்சுப் பல மணி நேரம் முகத்திலே கிடக்கும். பந்த வெளிச்சத்தின் வெப்பத்திலும் ஆட்டத்தின் உழைப்பிலும் வியர்வை பெருகும். வியர்வையோடு வண்ணமும் வாய்க்குள் இறங்கும். விடிந்தபின் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வயலுக்கோ கடலுக்கோ போவதே அந்தக் கலைஞர்களின் வாழ்க்கை. அவர்களுள் எவருக்கேனும் பின்னாளிலே கை நடுங்கியிருந்தால், அதனை முதுமை என்றோ விதி என்றோ சொல்லியிருப்பார்களேயன்றி, முகத்திற் பூசிய வண்ணத்தை எவர் சந்தேகித்திருப்பார்?

அவ்வாறு சந்தேகிக்க நேர்ந்த ஒரு நிகழ்ச்சி யப்பான் நாட்டிலே நடந்தது. அது அரங்கிலேயே நடந்தபடியால் உலகம் அறிந்தது. கபுக்கி என்பது யப்பானியரின் பழம்பெரும் நாடகக் கலை. அதிலே பெண்வேடம் புனைவோர் முகம், கழுத்து, கை எங்கும் வெண்மையான பூச்சைப் பூசுவர். 1887 ஆம் ஆண்டிலே மெய்ஜிச் சக்கரவர்த்தி முதன்முறையாகக் கபுக்கி நாடகம் காண வந்திருந்தார். நாலாம் நக்கமுரா புக்குசுக்கே என்னும் புகழ்பெற்ற நடிகர் அவர் முன்னிலையில் நடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கால்கள் நிறுத்த முடியாதபடி நடுங்கின. சக்கரவர்த்தியைக் கண்ட அச்சத்தினால் நடுங்கியவரல்லர் அவர். நெடுங்காலம் பூசிவந்த வெண்பூச்சு அவருடைய நரம்பைத் தாக்கியிருந்தது. அந்த வெண்பூச்சு ஈயவெள்ளை.

ஈயவெள்ளையின் கொடுமை ஐரோப்பாவிலும் அறியப்படாததன்று. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேரழகி என்று கொண்டாடப்பட்ட மேரி கன்னிங் என்னும் கொவென்றிச் சீமாட்டி 1760 ஆம் ஆண்டில் இருபத்தேழு வயதிலே மாண்டார். அவரைக் கொன்றது முகத்திற் பூசிய ஈயவெள்ளையே என்று அக்காலத்தவர் பேசிக்கொண்டனர். எனினும், பூசுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை. ஏனெனில் ஈயவெள்ளை தோலோடு நன்றாக ஒட்டும், மெல்லிதாகப் பரவும், மாசு மறுவை மறைக்கும். அழகுக்கு வேண்டிய குணங்கள் அத்தனையும் அதனிடம் இருந்தன.

யப்பானிலே நடந்த பின்விளைவையும் கேளுங்கள். புக்குசுக்கேயின் நடுக்கத்திற்குப் பின்னர் ஈயம் கலவாத வெள்ளை தேடப்பட்டது. 1904 ஆம் ஆண்டில் அத்தகைய பூச்சு விற்பனைக்கும் வந்தது. இடையிலே, 1900 ஆம் ஆண்டில், நஞ்சு கலந்த வண்ணங்களைத் தடுக்கும் விதியொன்று ஆக்கப்பட்டபோது, ஈயவெள்ளைக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கின் விலையைச் செலுத்தியவர்கள் நடிகர்கள் மாத்திரமல்லர். காரணம் தெரியாத மூளைக் காய்ச்சல் ஒன்று யப்பானியக் குழந்தைகளைப் பல ஆண்டுகளாகக் கொன்று வந்தது. கியோத்தோப் பல்கலைக்கழகத்துக் குழந்தை வைத்தியப் பேராசிரியர் ஹிராய் 1923 ஆம் ஆண்டிலே அதன் காரணத்தை வெளியிட்டார். தாய்மார் கழுத்திலும் மார்பிலும் பூசிய ஈயவெள்ளை, பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குட் சென்றது என்பதே அவர் கண்ட உண்மை. தாயின் மடியிலேயே குழந்தைக்கு நஞ்சு ஊட்டப்பட்டது. அதனைத் தாய் அறியாள். ஈயவெள்ளையை அழகுப் பொருள்களிலிருந்து விலக்கும் தடை 1930களிலேயே யப்பானில் நடைமுறைக்கு வந்தது. நடிகர் நடுங்கியதற்கும் தடை வந்ததற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

நம்முடைய கூத்தரங்குகளிலும் முத்துவெள்ளை என்று ஒரு வெண்தூள் உண்டு. வெண்தூள்கள் பலவகை. நாகத்திலிருந்து செய்யும் வெள்ளை உடம்புக்குத் தீங்கற்றது. குழந்தைகளுக்கு இடும் தோற்பூச்சிலும் அது சேர்கின்றது. ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை நஞ்சு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், கலையைக் கற்பித்த அண்ணாவியாருக்கும் வேற்றுமை தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்தாற் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

குங்குமத்தின் கதையும் இத்தகையதே. சந்நிதியான் திருவிழாவுக்குச் சென்று திரும்புவோர் குங்குமமும் மஞ்சளும் வாங்காமல் வருவதில்லை. மரபுவழிக் குங்குமம் மஞ்சளிலிருந்தே பிறக்கின்றது. மஞ்சளோடு எலுமிச்சஞ்சாறும் வெண்காரமும் படிகாரமும் சேர்த்து உலர்த்தி இடிப்பர். சுண்ணாம்போடு சேர்த்துச் சிவக்கச் செய்வதும் உண்டு. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது, ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த இரசாயனம். இவ்வாறு செய்த குங்குமம் நெற்றிக்குக் கேடு செய்யாது. ஆனால் இதன் நிறம் சற்று மங்கலானது. கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தை மலிவாகப் பெறவேண்டுமானால் வேறு வழிகள் இருக்கின்றன. ஈயச்செந்தூரம் ஒன்று. சாதிலிங்கம் மற்றொன்று. துணிக்கும் கடதாசிக்கும் இடும் செயற்கைச் சாயம் வேறொன்று. வடஇந்தியப் பெண்கள் வகிட்டில் இடும் சிந்தூரத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர் பரிசோதித்து 2017 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அமெரிக்காவிலே வாங்கிய 95 மாதிரிகளும் இந்தியாவிலே வாங்கிய 23 மாதிரிகளும் ஆராயப்பட்டன. முன்னவற்றில் நூற்றுக்கு 83, பின்னவற்றில் நூற்றுக்கு 78 என்ற விகிதத்திலே ஈயம் அளவிடத்தக்கவாறு காணப்பட்டது. நெற்றியிலே இட்ட கையாற் சோறு பிசைகின்றோம். குழந்தையின் வாயைத் துடைக்கின்றோம். ஈயம் பயணம் செய்யும் வழி அதுதான்.

கருமையிலும் இதே பேதம் உண்டு. விளக்குப் புகையிற் பிடித்த கரியை நெய்யிலோ ஆமணக்கெண்ணெயிலோ குழைத்துச் செய்வது நமது கண்மை. சுர்மா என்று வடநாட்டிலும் பாக்கிஸ்தானிலும் வழங்கும் கருந்தூளோ பெரும்பாலும் ஈயமும் கந்தகமும் கூடிய கல்லின் பொடி. அதனைக் கண்ணில் இட்ட குழந்தைகளுக்கு ஈயநஞ்சு ஏறியதை 1968 ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்திய சஞ்சிகை எடுத்துக்காட்டியது. முகத்திற்கு வெளியே நின்ற நஞ்சு கண்ணுக்குள்ளேயே சென்ற சம்பவமும் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே லாஷ் லூர் என்னும் இமைச்சாயம் விற்கப்பட்டது. பாரா பினைலீன் டயமீன் என்னும் நிலக்கரித்தார் வழிச் சாயம் அதில் இருந்தது. அதனைப் பூசிய பெண்களுட் சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். ஆயினும், அதனைச் சந்தையிலிருந்து அகற்ற அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஏனெனில் 1906 ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் பற்றியது. அழகுப் பொருளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1938 ஆம் ஆண்டிலே புதிய சட்டம் வந்த பின்னரே அந்தச் சாயம் கைப்பற்றப்பட்டது. இதே சாயப்பொருள், விரைவிற் கறுக்கும் கறுப்பு மருதாணி என்ற பெயரிலே இன்றும் சில இடங்களிற் கைகளிற் பூசப்பட்டுக் கொப்புளங்களை உண்டாக்குகின்றது. இலையை அரைத்துச் செய்யும் மருதாணி செம்மையாகச் சிவக்குமேயன்றிக் கரியாகக் கறுப்பதில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னவை நிறம் காட்டும் நஞ்சுகள். இனி, நிறம் காட்டாத நஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவே நமது காலத்துக்கு உரியது.

தோலின் கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் பொருள். உடம்பு அதனை ஆக்குவதற்கு ஒரு நொதியம் வேண்டும். அந்த நொதியத்தின் நடுவிலே செம்பு இருந்து தொழிற்படுகின்றது. பாதரசம் உட்புகுந்தால் அத்தொழில் தடைப்படும். மெலனின் குறையும். தோல் வெளுக்கும். பூச்சுப் பூசியவருக்கு இது பேரதிசயமாகத் தோன்றும். ஆனால் பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. சிறுநீரகத்தின் சல்லடை பழுதுபட்டால் உடம்பின் புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகும். முகமும் காலும் வீங்கும். நரம்பும் தாக்கப்படும். உறக்கமின்மை, நடுக்கம், மறதி ஆகியன தோன்றும். பூசியவருடைய துவாயிலும் தலையணையிலும் படிந்த பாதரசம் அவரோடு வாழும் குழந்தைகளுக்கும் சேர்கின்றது.

இத்தகைய பூச்சுக்களிலே பெரும்பாலும் காணப்படும் பாதரசச் சேர்மங்களுள் ஒன்றைச் சித்த வைத்தியர் பூரம் என்பர். இரசகற்பூரம் என்பதும் அதுவே. அவர்கள் அதனைப் பாஷாண வகையில் வைத்தனர். முறைப்படி சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று மாணவருக்கு எச்சரித்தனர். அவர்களுடைய மருத்துவத்தை இன்றைய விஞ்ஞானம் எவ்வாறு மதிப்பிட்டாலும், ஒரு நேர்மை அவர்களிடம் இருந்தது. நஞ்சை நஞ்சென்று பெயரிட்டே அவர்கள் பெட்டியில் வைத்தார்கள். தாளகம், மனோசிலை, சாதிலிங்கம், வீரம், பூரம் என்று சொன்ன மாத்திரத்தே, கையாள்பவன் விழித்துக்கொள்வான். இன்று அதே பூரம் மலரின் படமும் முத்தின் படமும் பொறித்த அழகிய சிமிழுக்குள் இருக்கின்றது. சிமிழின்மேல் அதன் பெயர் இல்லை. செய்தவர் பெயரும் சில வேளைகளில் இல்லை.

இது கற்பனை அச்சமன்று. நமக்கு மிக அண்மையில் உள்ள கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லிலே 2021 யூலை தொடக்கம் 2023 செப்ரெம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடத்திலே அரிதான ஒரே அடையாளம் காணப்பட்டது. அந்தப் பதினைவரிற் பதின்மூவர் தோலை வெளுக்கச் செய்யும் பூச்சுக்களைப் பாவித்தவர்கள். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலானோர் குணமடைந்தனர் என்பதே ஆறுதல். அந்தப் பதின்மூவரும் எதையும் பேராசைப்பட்டுச் செய்தவரல்லர். கலியாணச் சந்தையிலே நிறத்துக்கு விலை வைத்த சமூகம் அவர்களை அக்கடைக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்திலும் பெண் பார்க்க வருபவர் "பிள்ளை என்ன நிறம்?" என்று கேட்பது நாம் அறியாததன்று. நஞ்சைச் செய்து விற்றவன் குற்றவாளி. அக்கேள்வியைக் கேட்டவர்களும் அக்குற்றத்தில் ஒரு பங்கை ஏற்கவேண்டும்.

பாதரசத்தோடு வேறு இரண்டும் சேர்ந்து வருகின்றன. வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாத ஸ்ரெரொயிட் மருந்துகள் ஒன்று. அவை தோலை மெலிவித்து, வெயில் பட்டால் எரியும்படி செய்துவிடும். ஹைட்ரோகுயினோன் மற்றொன்று. அதனை அளவின்றி நெடுநாட் பூசியவர்களின் முகத்திலே, வெண்மைக்குப் பதிலாக நீலங்கலந்த கருமைத் திட்டுக்கள் நிலையாகப் படியலாம். வெளுக்கப் போனவர் கறுத்து மீளும் கதை அது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். ஒல்லாந்தக் கும்பனியார் ஆண்ட காலத்திலே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டி எடுக்கப்பட்ட சாயவேர் அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருந்தது. துணியின் சிவப்பு பணம் தருவதாகையால் வேரை யார் கிண்டுவது, யாருக்குக் கொடுப்பது என்பதற்கெல்லாம் விதி இருந்தது. உடம்பிற் பூசும் நிறத்துக்கு விதி வருவதற்கு நெடுங்காலம் சென்றது. இலங்கையிலே 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமே ஒப்பனைப் பொருள்களையும் சாதனங்களையும் மருந்துகளையும் ஒருங்கே கட்டுப்படுத்த முற்பட்டது. அச்சட்டத்தின் தலைப்பிலேயே ஒப்பனைப் பொருள் முதலிடம் பெற்றிருந்தது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கித் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது. புதிய சட்டத்தின் தலைப்பு மருந்து, மருத்துவ சாதனம், எல்லைநிலைப் பொருள் என்பவற்றைச் சொல்லுகின்றது. ஒப்பனைப் பொருள் என்ற சொல் அத்தலைப்பில் இல்லை. 1906 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலே விடுபட்டுப் போனதும் அச்சொல்லே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.

உலக அரங்கிலே முன்னேற்றம் உண்டு. யப்பானின் மினமாத்தாக் குடாவிலே தொழிற்சாலைக் கழிவுப் பாதரசத்தால் ஏற்பட்ட பெருந்துன்பம் 1956 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013 ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2017 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசம் உள்ள தோற்பூச்சுக்களை 2020 ஆம் ஆண்டோடு ஒழிக்க அவ்வுடன்படிக்கை விதித்தது. 2023 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய நாடுகள் அந்த ஒரு பங்கு என்ற எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவாயினும் 2025 ஆம் ஆண்டோடு ஒழிக்கப்படவேண்டும் என்று தீர்மானித்தன. ஆயினும், உடன்படிக்கையின் கை, பெயரில்லாச் சிமிழை எட்டுவது எளிதன்று. பிரயாணியின் பெட்டியிலும் உறவினரின் பொதியிலும் வருவதை எந்தச் சுங்கச்சாவடி முழுமையாகப் பிரித்துப் பார்க்கும்?

எனினும், சட்டம் மனம் வைத்தால் நஞ்சை வெல்லலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணத்தைச் சொல்லவேண்டும். அதுவும் மஞ்சள் நிறத்தைப் பற்றியதே. பங்களாதேசத்திலே மஞ்சட் கிழங்குக்கு நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சள் வண்ணத்தைப் பூசும் வழக்கம் 1980களிலிருந்து பரவியது. ஆராய்ச்சியாளர் அதனை 2019 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அரசாங்கத்தார் பத்திரிகைகளில் எச்சரித்தனர். சந்தைகளில் அறிவித்தல்களை ஒட்டினர். கருவி கொண்டு சோதித்து, கலப்படம் செய்தவருக்குத் தண்டம் விதித்தனர். 2019 ஆம் ஆண்டில் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் இருந்த ஈயம், 2021 ஆம் ஆண்டிலே ஒன்றிலும் இல்லையாயிற்று. இரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. நமது நாட்டில் 2019 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் விலை பன்மடங்கு ஏறியதும், கடல்வழியே கடத்தி வரப்பட்ட மஞ்சள் மூட்டைகளைக் கடற்படையினர் பல முறை கைப்பற்றியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். விலை ஏறும் பொருளிலே கலப்படமும் ஏறும். உண்பதற்கும் குளிப்பதற்கும் நலங்குக்கும் ஒரே மஞ்சளைப் பாவிக்கும் நமக்கு, பங்களாதேசத்தின் பாடம் அயலான் வீட்டுப் பாடமன்று.

இவ்வளவையும் கேட்டபின், பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் தீயது என்று எவரும் முடிவுசெய்தல் கூடாது. அரிதாரமும் சாதிலிங்கமும் பழையன. ஈயங்கலவாத வெள்ளை புதியது. உள்நாட்டுப் பொருள் என்பதாலோ மூலிகை என்று எழுதியிருப்பதாலோ ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பிறநாட்டுப் பொருள் என்பதால் ஒன்று தீயதாகிவிடாது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதற்குள் என்ன இருக்கின்றது?

ஆகவே, சிமிழைத் திறக்குமுன் அதன் மேலுறையைப் படியுங்கள். செய்தவர் பெயரும் முகவரியும் சேர்மானங்களும் இல்லாத பூச்சை, அதனை அனுப்பியவர் எவ்வளவு அன்புக்குரிய உறவினராயினும், பாவியாதீர்கள். பாதரசம், மேர்க்கியூரி, கலோமல் என்ற சொற்களில் எது காணப்பட்டாலும் அதனை விலக்கிவிடுங்கள். "பொன், வெள்ளி நகைகளிற் படாமல் பூசுக" என்று எழுதியிருந்தால், அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். ஏனெனில் பாதரசம் பொன்னோடு கூடி அதனைக் கெடுக்கும். பொன்னுக்கு ஆகாதது பெண்ணின் முகத்துக்கு எப்படி ஆகும்? ஏழு நாளில் வெளுக்கும் என்று உறுதி கூறும் பூச்சையும் நம்பாதீர்கள். ஏற்கெனவே பாவித்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், சிமிழையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். முகமோ காலோ வீங்கினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

நாடகம் நடத்தும் கழகங்களும் பாடசாலைகளும், குழந்தைகளின் முகத்திற் பூசும் வண்ணம் எங்கே வாங்கியது, எதனால் ஆனது என்று எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். திருவிழாக் கடைகளில் விற்கப்படும் குங்குமத்திலும் வண்ணத்தூளிலும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும்படி ஊர்ச்சபைகள் அதிகாரிகளைக் கேட்கலாம். ஒப்பனைப் பொருளுக்குத் தெளிவான தனிச்சட்டம் வேண்டும் என்று கேட்பது நம் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை.

தொண்டைமானாற்றிலே உப்பு ஏற்றிய மாலுமிக்குத் தான் ஏற்றியது இன்னதென்று தெரிந்திருந்தது. அந்த அளவு அறிவையேனும், நம் பிள்ளைகளின் முகத்தில் ஏற்றும் பொருளைக் குறித்து நாம் பெற்றிருக்க வேண்டாமா?